குறை இருக்கட்டும், ஒரே மாதிரி இருக்கட்டும்: திண்டுக்கல் ஆலைகளும் மலிவு விலைக் கிராபீனும்

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் சாலையில் போனாலும் சரி, வடமதுரை, எரியோடு பக்கம் திரும்பினாலும் சரி, மானாவாரிக் காடு முடிகிற இடத்தில் ஏதாவது ஒரு நூற்பாலையின் சுற்றுச்சுவர் தொடங்கிவிடும். பருத்தி மட்டும் ஓடுகிற ஆலைக்கும் பாலியெஸ்டர் கலந்து ஓடுகிற ஆலைக்கும் உள்ள வேறுபாடு ஈரத்தில் இருக்கிறது. பஞ்சு காற்றிலிருந்து தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டரோ 0.4 சதவீதத்தோடு நின்றுவிடும். ஈரம் இல்லாத இழையில் உராய்வால் உண்டாகும் மின்னேற்றம் வடிந்துபோக வழியில்லை. கார்டிங்கில் விரிப்பு சுருண்டு ஏறும். டிராயிங்கில் ஸ்லைவர் கேனின் ஓரத்தில் ஒட்டும். ரிங் ஃபிரேமில் அறுந்த இழை ரோலரைச் சுற்றிக்கொண்டு ‘லேப்பிங்’ ஆகும். ஆலைக்காரர்கள் இதற்கு ‘ஸ்டாடிக்’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். இழை தொட்டுப் போகும் ரப்பர், நெகிழிப் பாகங்கள் மின்காப்புப் பொருள்களாக இருக்கும்வரை இந்தத் தொல்லையை ஈரப்பதத்தாலும் ரசாயனப் பூச்சாலும் தணிக்கலாமே தவிர, நீக்க முடியாது. அந்தப் பாகங்களையே ஓரளவு மின்சாரம் கடத்தும்படி, வலுவும் குறையாதபடி, கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. இருபது ஆண்டுகளாக உலகம் பேசிவரும் கிராபீன் இதற்கு விடையாகுமா என்று பார்ப்போம்.

கிராபீனைப் பற்றிய பேச்சு எப்போதும் உச்ச எண்களில்தான் தொடங்கும். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபைட்டிலிருந்து ஓரணு தடிமனுள்ள கரிய ஏட்டை, அதாவது கிராபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் நோபல் பரிசு வந்தது. 2008-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அந்த ஏட்டை ஊசிமுனையால் அழுத்தி அளந்தபோது விறைப்பு 1,000 ஜிகாபாஸ்கல், முறிவு வலு 130 ஜிகாபாஸ்கல் என்று வந்தது. எஃகெல்லாம் இதன் அருகில் நிற்காது. ஆனால் இந்த அளவு, பழுதில்லாத ஒற்றை ஏட்டில், மைக்ரான் அளவு துளையின்மேல் எடுத்தது. சாக்கில் வரும் கறுப்புத் தூளில் அந்த ஏடு இல்லை. பத்து, ஐம்பது, நூறு ஏடுகள் ஒட்டிய துணுக்குகள்தான் இருக்கின்றன. ஓரங்கள் சிதைந்தவை, நடுவில் ஓட்டை விழுந்தவை. விலை குறையக் குறைய இந்தக் குறைகள் கூடும். ஆகவே மலிவு விலைக் கிராபீனை உச்ச எண்களோடு ஒப்பிட்டு ஏமாறுவதிலும் பொருளில்லை, ஏமாற்று என்று தள்ளுவதிலும் பொருளில்லை. நம் பாகத்துக்கு எவ்வளவு கடத்துதிறன் தேவை என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவதே முறை.

மின்காப்புப் பொருளான பாலிமருக்குள் கடத்தும் துணுக்குகளைக் கலந்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. துணுக்குகள் ஒன்றையொன்று எட்டாமல் தனித்தனியே கிடக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் பொருளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை துணுக்குகளின் சங்கிலி ஏற்பட்டு, மின்தடை திடீரென்று லட்சம் மடங்கு, கோடி மடங்கு சரியும். கற்கள் நெருக்கமாக விழுந்த இடத்தில் கால் நனையாமல் ஓடையைக் கடப்பதைப் போல. இந்த வாசல் அளவு துணுக்கின் வடிவத்தைப் பொறுத்தது: அகலம் பெரிதாகவும் தடிமன் சிறிதாகவும் இருந்தால் குறைந்த அளவிலேயே சங்கிலி கூடிவிடும். 2006-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராட்னி ருவாஃப் குழுவினர் பாலிஸ்டைரீனில் கன அளவில் 0.1 சதவீதக் கிராபீனிலேயே வாசல் திறப்பதைக் காட்டினார்கள். இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் அது. ஆனால் அதற்கு அவர்கள் கையாண்ட வழி: கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி, ஐசோசயனேட்டால் பதப்படுத்தி, கரைப்பானில் கலந்து, நச்சுள்ள ஹைட்ரசீன் வகைப் பொருளால் மறுபடி ஆக்சிஜன் நீக்கியது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வழியை மறந்தவர்கள்தான், ‘சிட்டிகை கிராபீன் போதும்’ என்று விளம்பரம் எழுதுகிறார்கள். உருக்கிக் கலக்கும் சாதாரண எக்ஸ்ட்ரூடரில், பாலிபுரோப்பிலீனும் வணிகத் தரத் துணுக்கும் சேரும்போது வாசல் எடையில் பல சதவீதம்வரை ஏறிவிடுவது உண்டு.

இங்கேதான் ஆலைத் தேவையின் தனித்தன்மை கணக்கை மாற்றுகிறது. மின்கம்பி செய்யப் போவதில்லை. மின்காந்த அலையைத் தடுக்கும் உறையும் செய்யப் போவதில்லை. மின்னேற்றம் தீப்பொறியாகாமல், தேங்காமல், மெல்ல வடிய வேண்டும். அதற்கு மேற்பரப்பு மின்தடை ஏறத்தாழ பத்து லட்சம் ஓமுக்கும் நூறு கோடி ஓமுக்கும் இடையில் இருந்தால் போதும். சாதாரண பாலிமரின் தடை இதைவிட ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான மடங்கு அதிகம்; நல்ல கிராபீனால் நிரம்பிய பாலிமரின் தடை இதைவிட மிகக் குறைவு. நமக்கு வேண்டிய இடம் வாசலின் செங்குத்துச் சரிவிலேயே தொங்குகிறது. உயர்தரக் கிராபீனை வைத்து அங்கே நிறுத்தப் பார்த்தால், கலவையில் கால் சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் தடை நூறு மடங்கு ஓடிவிடும். ஒரு லாட்டில் பத்து லட்சம், அடுத்த லாட்டில் பல ஆயிரம் கோடி. இதற்கு மாறாக, தானே அவ்வளவு நன்றாகக் கடத்தாத, குறையுள்ள துணுக்கைத் தாராளமாக, வாசலை நன்றாகத் தாண்டிக் கலந்தால், வளைகோடு தட்டையாகும் பகுதியே நமக்கு வேண்டிய எல்லைக்குள் விழும். சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பாகம் கெடாது. ஆய்வகங்கள் குறையென்று ஒதுக்கும் தன்மை ஆலையில் உதவியாகிறது. ஒரே நிபந்தனை: அந்தக் குறை ஒவ்வொரு சாக்கிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதும் இந்த நிபந்தனையைச் சுற்றித்தான்.

மூலப்பொருளுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் சிவகங்கை. அங்கே தமிழ்நாடு கனிம நிறுவனமான ‘டாமின்’ செதில் கிராஃபைட் வெட்டி எடுத்துச் செறிவூட்டி விற்கிறது. தாதுவில் கரியம் சுமார் 14 சதவீதம்தான்; அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்து உயர்த்துகிறார்கள். சூளைச் செங்கல், உலோகம் உருக்கும் மூசை ஆகியவற்றுக்குப் போகிற பொருள் இது. கடல் கடந்தால் இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நரம்புக் கிராஃபைட் இயற்கையிலேயே மிகத் தூய்மையானது. அதை நம்பியே அங்கே சிலிண்டெக் ஆய்வு நிறுவனமும் எல்.ஓ.எல்.சி. குழுமமும் சேர்ந்து சிலோன் கிராபீன் டெக்னாலஜிஸ் நிறுவனத்தை அமைத்தன. கேரளத்தில் டிஜிட்டல் பல்கலைக்கழகமும் திருச்சூர் சி-மெட்டும் டாடா ஸ்டீலும் சேர்ந்து ஒரு கிராபீன் புத்தாக்க மையம் கண்டிருக்கின்றன. கிராஃபைட் சொந்தமாக உள்ள தமிழ்நாட்டில் அதைச் செங்கல்லுக்கு மேல் கொண்டுபோகும் முயற்சி போதவில்லை என்பது என் கருத்து.

கிராஃபைட்டை ஏடுகளாகப் பிரிக்கும் வழிகளில் மலிவானவை மூன்று. கந்தக அமிலத்தில் ஊறிய செதிலைச் சட்டென்று சூடாக்கினால் உள்ளே சிக்கிய அமிலம் ஆவியாகி, செதில் புழுப்போல நூறு மடங்குக்கு மேல் உப்பும். அதைக் கடைந்தால் மெல்லிய துணுக்குகள் கிடைக்கும். இரண்டாவது, சோப்புநீரில் போட்டு வேகமாகச் சுழற்றுவது. 2014-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் ஜோனதன் கோல்மன் குழுவினர் சமையலறை மிக்சியையும் பாத்திரம் கழுவும் திரவத்தையும் வைத்தே இதைச் செய்துகாட்டினார்கள். மூன்றாவது மின்வேதி முறை: கிராஃபைட்டை நேர்மின்வாயாக வைத்து, அம்மோனியம் சல்பேட் கரைசலில் சுமார் 10 வோல்ட் கொடுத்தால் ஏடுகள் நிமிடக் கணக்கில் உரிந்து விழும். 2014-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் வெளியிட்ட முறை இது. உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும் உப்புதான் இதற்கான கரைசல். கடைசி முறைதான் நம் பக்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். காரணம் எளிது: வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் சிவகங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மின்வாயும் கரைசலும் அங்கே எழுபது ஆண்டுத் தொழில்.

இந்த இடத்தில் ஒரு தடை வரும். ‘கிராஃபைட் எதற்கு? நத்தம், நிலக்கோட்டை, அய்யம்பாளையம் பக்கமெல்லாம் தென்னை. சிரட்டைக் கரியிலிருந்தே கிராபீன் எடுக்கலாமே’ என்பார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கரியெல்லாம் ஒன்றல்ல. டி.என்.ஏ. வடிவ ஆய்வால் பெயர் பெற்ற ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அதற்கு முன் நிலக்கரியை ஆராய்ந்தவர். சூடாக்கினால் கிராஃபைட்டாக அடுக்கிக்கொள்ளும் கரியம் வேறு, எவ்வளவு சூடாக்கினாலும் அடுக்காமல் முறுக்கிக்கொண்டு நிற்கும் கரியம் வேறு என்று 1951-இல் பிரித்துக் காட்டினார். சிரட்டைக் கரி இரண்டாவது வகை. அதன் நுண்துளைகள்தான் வடிகட்டும் கரிக்கு அதை உயர்த்தியாக்குகின்றன; அதே குணம் ஏடாகப் பிரிவதற்கு எதிரி. 2020-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு, கரியப் பொருளை மின்னதிர்ச்சியால் கண்ணிமைக்கும் நேரத்தில் 3,000 கெல்வினுக்கு ஏற்றிக் கிராபீனாக்கும் முறையை வெளியிட்டது. கிராமுக்கு 7.2 கிலோஜூல், அதாவது கிலோவுக்கு இரண்டு யூனிட் மின்சாரம் என்பது அவர்கள் கணக்கு. இது பெரிய அளவில் நிலைத்தால் சிரட்டைக்கும் வாய்ப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் தா. பிரதீப் குழுவினர் 2012-இல் சர்க்கரையிலிருந்து மணல்மேல் கிராபீன் படியச் செய்ததும் உண்டு. ஆனால் அது நீர் சுத்திகரிப்புக்கு, ரப்பருக்கு அல்ல. கழிவிலிருந்து கிராபீன் என்ற தலைப்புகளுக்குக் கைதட்டலாம். பாலிமரில் கலக்கும் நிரப்பியாக அதை வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: ஏடு இருக்கிறதா, எத்தனை அடுக்கு, சென்ற மாதம் வந்ததும் இந்த மாதம் வந்ததும் ஒன்றா?

அந்தக் கேள்விக்குச் சந்தை தரும் பதில் கசப்பானது. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் உலகெங்கும் 60 நிறுவனங்கள் கிராபீன் என்று விற்ற தூள்களைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பத்து அடுக்குக்கு உட்பட்ட உண்மையான கிராபீன் பத்து சதவீதத்துக்கும் குறைவு; ஒன்றில்கூட ஐம்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி நுண்ணிய கிராஃபைட் தூள். உலகத் தர அமைப்பு பத்து அடுக்குவரை மட்டுமே கிராபீன் வகை என்று வரையறுத்திருப்பதையும், தூளைச் சோதிக்கும் முறையை 2021-இல் தனியாக வெளியிட்டிருப்பதையும் நம் ஊர் வாங்குநர்கள் பலர் அறிய வாய்ப்பில்லை. எல்லாச் சோதனையும் செய்ய ஆலைக்கோ பாகம் செய்யும் சிறு பட்டறைக்கோ முடியாது. ஆனால் ஒரே ஓர் எண்ணைக் கேட்டு வாங்கலாம்: ஒரு கிராமின் பரப்பளவு. ஒற்றை ஏடாகப் பிரிந்த கிராபீனுக்குக் கணக்குப்படி 2,630 சதுர மீட்டர். பத்து அடுக்கு ஒட்டியிருந்தால் 263. விற்பவர் 20 அல்லது 30 என்று சான்று கொடுத்தால் அது கிராஃபைட்தான். அதற்காக அதை வாங்கக் கூடாது என்பதில்லை. கிராஃபைட் விலைக்குத்தான் வாங்க வேண்டும். சில வேலைகளுக்கு அதுவே போதும் என்பதை மேலே பார்த்தோம்.

வலு சேர்ப்பது பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பாதியைத் தள்ளலாம். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இதை விளக்குவது எளிது: பூட்டின் உள்ளே எண்ணெய் தூசியைப் பிடிக்கும் என்பதால் கிராஃபைட் தூளைத் தூவுவதுண்டு. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது மசகாகிறது. இதே வழுக்கல்தான் பாலிமருக்குள் வலுவைக் கெடுக்கிறது. வெளி ஏடு சுமையை வாங்கினாலும் உள்ளே உள்ள ஏடுகளுக்குக் கொடுக்காமல் நழுவிவிடும். அடுக்கு கூடக்கூட ஏட்டின் பயன் குறையும் என்று மான்செஸ்டரின் ராபர்ட் யங் குழுவினர் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அவர்களே இன்னொன்றும் சொல்கிறார்கள்: சுற்றியுள்ள பாலிமர் எவ்வளவு விறைப்போ அந்த அளவுக்குத்தான் ஏட்டுக்குச் சுமை போய்ச்சேரும். விளைவு, 1,000 ஜிகாபாஸ்கல் என்ற பெருமை மென்மையான நெகிழிக்குள் சில, பல ஜிகாபாஸ்கலாகச் சுருங்கிவிடுகிறது. இதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. ரப்பரின் விறைப்பு ஜிகாபாஸ்கலில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில பங்கு என்ற கணக்கில்தான் இருப்பதால், சுருங்கிய அந்த விறைப்பே அதற்கு ஏராளம். ஆக, பிளாஸ்டிக் கேனைவிட ரப்பர் ரோலருக்குத்தான் கிராபீன் வலுவைக் கண்ணுக்குத் தெரியும்படி கூட்டும்.

வலுவும் கடத்தலும் ஒரே திசையில் இழுப்பதில்லை என்பதைப் பேசாமல் இந்த ஆய்வு முழுமை பெறாது. வலு வேண்டுமானால் ஏடுகள் எங்கும் சமமாகப் பரவ வேண்டும். திரண்ட கட்டி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் இடம். கடத்தல் வேண்டுமானால் ஏடுகள் ஒன்றையொன்று தொட வேண்டும். முழுவதும் சமமாகப் பரவினால் தொடாது. 2007-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் டிரசல் குழுவினர், பாலிபுரோப்பிலீன் தூளின் மேற்பரப்பில் துணுக்குகளைப் பூசிவிட்டுப் பிறகு உருக்கி அழுத்தி, வாசலைப் பல மடங்கு இறக்கினார்கள். ரப்பர் பாலிலேயே கிராபீனைக் கலந்து உறையவைத்தால் துளிகளின் இடுக்கில் ஏடுகள் வலைபோல் அமையும்; 2012-இல் சீன ஆய்வாளர்கள் இப்படி இயற்கை ரப்பரில் கன அளவில் 0.6 சதவீதத்தை ஒட்டிய வாசலைப் பெற்றார்கள். ஆனால் அந்த வலையின் கோடுகளே பலவீனமான தையலாகவும் மாறலாம். ரப்பரை அரவை ரோலில் மறுபடி கடைந்தால் வலை கலைந்து வலு கூடும், கடத்தல் குறையும். ஊசிவார்ப்பில் இன்னொரு சிக்கல்: ஓட்டத்தோடு ஏடுகள் படுத்துக்கொள்ளும், பாகத்தின் மேல்தோலில் ஏடே இல்லாமல் போகும். உள்ளே கடத்தி வெளியே கடத்தாத பாகத்தால் ஸ்டாடிக் தொல்லைக்கு ஒரு பயனும் இல்லை. கிராபீனின் விலையைவிட இந்தக் கலவைக் கலைதான் செலவு. கிலோ விலை பத்து மடங்கு இருந்து, சேர்க்கும் அளவு பத்தில் ஒன்றானால் பொருட்செலவு சமம். ஆனால் இரண்டாவது முறை எக்ஸ்ட்ரூடரில் ஓட்டும் செலவும், கழித்துப்போடும் லாட்டின் செலவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஒரு பாகத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ரிங் ஃபிரேமில் இழையை இழுத்து மெலியவைக்கும் மேல் ரோலர்களின்மீது ஏற்றியிருக்கும் ரப்பர்க் குழல்தான் ‘காட்ஸ்’. பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர்; அது மெத்தென்றும் இருக்க வேண்டும், தேயவும் கூடாது. ஒரு ஃபிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிண்டில் என்றால், ஒவ்வொன்றுக்கும் சில காட்ஸ். இழை ஒட்டாமலிருக்க இதன் மேற்பரப்பை அமிலத்தாலோ புற ஊதா ஒளியாலோ அரக்குப் பூச்சாலோ பதப்படுத்துவார்கள். ஓடி ஓடித் தடம் விழுந்ததும் காட்ஸைக் கழற்றி, அரவை எந்திரத்தில் கொடுத்து, மேல்தோலை மில்லிமீட்டரில் ஒரு பின்னம் சீவி மறுபடி ஏற்றுவார்கள். ‘பஃபிங்’ என்கிற இந்த வேலையில் பூச்சு முழுவதும் போய்விடும். புதிதாகப் பதப்படுத்தியாக வேண்டும். ரப்பரின் உடம்பிலேயே கலந்த நிரப்பியோ எத்தனை முறை சீவினாலும் அப்படியே இருக்கும். வடியும் குணமும் தேய்மானத் தாங்குதிறனும் ஒன்றாகக் கிடைக்க வாய்ப்புள்ள பாகம் இதுதான். மலிவு என்பதைக் கிலோ விலையில் அல்ல, ஒரு காட்ஸ் எத்தனை பஃபிங் தாங்கும், அதற்கிடையில் எத்தனை லேப்பிங் குறைந்தது என்பதில் அளந்தால் படம் மாறும்.

கார்பன் பிளாக் இருக்கும்போது இது எதற்கு என்பது வலுவான எதிர்வாதம். டயர் தொழிலுக்காகவே டன் கணக்கில் ஆகிற பொருள். கும்மிடிப்பூண்டியிலேயே பெரிய ஆலை உண்டு. எந்தப் பட்டறைக்கும் கையாளத் தெரியும். இந்த வாதத்தை முழுதாகத் தள்ள முடியாது. கடினமான பிளாஸ்டிக் கேன், தட்டு போன்றவற்றுக்கு இன்றைக்கும் கார்பன் பிளாக்கே சரி என்பது என் தீர்ப்பு. ஆனால் சாதாரண வகைக் கார்பன் பிளாக்கைப் பிளாஸ்டிக்கில் கடத்தவைக்கப் பொதுவாக எடையில் 15 முதல் 25 சதவீதம் வேண்டும்; அவ்வளவு சேர்த்தால் பாகம் நொறுங்கும், உருகு கெட்டிப்பட்டு அச்சில் ஓடாது. காட்ஸில் அவ்வளவு கார்பன் பிளாக் சேர்த்தால் கடினம் ஏறி, இழையைப் பிடிக்கும் மென்மை போய்விடும். நடுவழி ஒன்று இருக்கிறது: கொஞ்சம் கார்பன் பிளாக், கொஞ்சம் கிராபீன் துணுக்கு. உருண்டைத் துகள்கள் ஏடுகளின் இடைவெளியை நிரப்பி இணைப்பைக் கூட்டுகின்றன. தனித்தனியே வேண்டிய அளவைவிடக் குறைவாகவே இரண்டும் போதும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலிஅனிலீன் போன்ற, தானே கடத்தும் பாலிமர்களைச் சொல்வோரும் உண்டு. 2000-இல் நோபல் பெற்ற துறை அது. ஆனால் அவை உருக்கி வார்க்கும் வெப்பத்தைத் தாங்குவது அரிது, விலையும் இறங்கவில்லை.

நூலில் கறை படியாதா என்பது ஆலைக்காரர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும், நியாயமான கேள்வி. காட்ஸ் பெரும்பாலும் வெளிர் நிறங்களில் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு மூன்று சதவீத ஏடு, ரப்பரோடு நன்றாகப் பிணைந்திருந்தால், மேலே சொன்ன அளவு கார்பன் பிளாக்கைவிட மிகக் குறைவாகவே உதிரும். ஆனால் உதிராது என்று யாரும் உறுதி தர முடியாது. வெள்ளை நூல் ஓட்டி, சாயம் போட்டுப் பார்த்த பிறகே பேச வேண்டும். ஈரப்பதத்தைக் கூட்டினால் போதாதா என்பது அடுத்தது. ரிங் ஃபிரேம் கூடத்தில் ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தில் வைத்திருக்க ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் இரவுபகலாக ஓடுகிறது. பங்குனி சித்திரையில் வெளிக்காற்று எவ்வளவு காய்ந்திருக்கும் என்பது இந்தச் சமவெளியில் இருப்பவர்களுக்குத் தெரியும். பருத்திக்கு அந்த ஈரம் எப்படியும் தேவை என்பதால் மின்கட்டணம் பெரிதாகக் குறையும் என்று ஆசை காட்ட மாட்டேன். பாலியெஸ்டர் ஓடும் கூடத்தில் ஈரப்பதம் சற்று இறங்கும் நேரங்களில் லேப்பிங் ஏறாமலிருக்கும், அவ்வளவுதான்.

நுரையீரல் பற்றிய அச்சத்தை மட்டும் விரைந்து கடக்கக் கூடாது. பஞ்சுத் தூசியால் மூச்சுத்திணறல் வருவதை நூற்றாண்டாக அறிந்த தொழில் இது. தட்டையான கிராபீன் துணுக்குகள் அகலமாக இருந்தும் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை என்று 2012-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2024-இல் அதே நகரில் 14 தன்னார்வலர்கள் இரண்டு மணி நேரம் கிராபீன் ஆக்சைடை மூச்சில் இழுத்த சோதனையில் உடனடிக் கேடு தெரியவில்லை. இரண்டு மணி நேரச் சோதனை முப்பது ஆண்டு வேலைக்குச் சான்றாகாது. அதனால் தூளாக எந்தப் பட்டறைக்கும் போகவே கூடாது. பாலிமரில் ஏற்கெனவே அடைத்த மாஸ்டர்பேட்ச் குருணையாக, அல்லது ஈரக் கூழாக மட்டுமே போக வேண்டும். பஃபிங் எந்திரத்துக்கு உறிஞ்சுகுழாய் கட்டாயம். இதற்காகும் செலவையும் சேர்த்த பிறகும் கணக்கு இடித்தால் திட்டத்தைக் கைவிடலாம். தொழிலாளியின் மூச்சில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

செய்ய ஆளில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. சிவகங்கையில் கிராஃபைட், காரைக்குடியில் மின்வேதி ஆய்வகம், மதுரையில் நெகிழித் தொழில்நுட்பத்துக்கான மத்திய நிறுவனமான சிப்பெட்டின் மையம், கோவையில் 1956 முதல் ஜவுளித் தொழிலுக்காக இயங்கும் ஆய்வு அமைப்பான சிட்ரா, சின்னாளப்பட்டியை ஒட்டி வேதியியல் துறையோடு காந்திகிராமப் பல்கலைக்கழகம். வாங்க வேண்டிய ஆலைகள் நடுவில் இருக்கின்றன. இல்லாதது, இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப்பொருளைச் சோதிக்கும் ஏற்பாடு. இப்போதைய நிலையில் ஒவ்வோர் ஆய்வும் தானே செய்த தூளை, தனக்குப் பிடித்த பாலிமரில் கலந்து, சிறந்த எண்ணைக் கட்டுரையாக்கி முடிந்துவிடுகிறது. ஆலைக்கு வேண்டியது சிறந்த எண் அல்ல. நூறு கிலோவில் மோசமான கிலோ எது என்ற எண்.

திண்டுக்கல் ஆலை உரிமையாளர் சங்கங்களிடம் கேட்டுக்கொள்வது இது: காட்ஸ் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே மூலத்திலிருந்து மூன்று வெவ்வேறு மாதங்களில் கிராபீன் மாஸ்டர்பேட்ச் வாங்கி, பரப்பளவுச் சான்றோடு, ஒரே அளவில் நைட்ரைல் ரப்பரில் கலந்து காட்ஸ் வார்க்கச் சொல்லுங்கள். மேற்பரப்பு மின்தடையை வார்த்தவுடனும் ஒவ்வொரு பஃபிங்குக்குப் பிறகும் சிட்ராவில் அளக்கக் கொடுங்கள். பக்கத்து ஃபிரேமில் பழைய காட்ஸ் ஓடட்டும், பாலியெஸ்டர் கலப்பு நூலில் லேப்பிங்கை ஷிஃப்ட் வாரியாக எழுதுங்கள். மூன்று மாதத்துப் பொருளுக்கும் மின்தடை பத்து மடங்கு வேறுபாட்டுக்குள் நின்றால் இதில் பணம் போடலாம். நிற்காவிட்டால் இன்னும் சில ஆண்டு கார்பன் பிளாக்கோடும் பூச்சோடும் ஓட்டுவதே லாபம்.